சீனத்து அரிசியும் ஓசூர் சாலையும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வருகிறது ஹெப்பகோடி. ஆனேக்கல் தாலுகாவின் கிராமங்களில் ஒன்றாக இருந்த ஊர், இப்போது நகரசபை. சாலையின் இருபுறமும் தொழிற்சாலைகள், தொழிலாளர்கள் தங்கும் வாடகை அறைகள், அத்திப்பள்ளி எல்லையை நோக்கி விரையும் பஸ்கள். கன்னடத்தோடு தமிழும் தெலுங்கும் தாராளமாகக் காதில் விழுகின்றன. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடமும் வந்து சேர்ந்தது. அதில் கடைசிக்கு முந்தைய ஸ்டேஷன் ஹெப்பகோடி. கடைசி ஸ்டேஷன் பொம்மசந்திரா.

சுற்றுலாப் பயணிகள் இறங்கிப் பார்க்கும் ஊரல்ல இது. ஆனால் இதயநோய் வைத்தியத்தின் இரண்டு முகங்களும் இங்கே ஒரு ஸ்டேஷன் இடைவெளியில் இருக்கின்றன. பொம்மசந்திராவில் டாக்டர் தேவி ஷெட்டி உருவாக்கிய நாராயண ஹிருதயாலயா. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் நோயாளிகள் பைபாஸ் ஆபரேஷனுக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிக்கும் இங்கே வருகிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி மக்களுக்கும் இது எட்டும் தூரம்தான். ஹெப்பகோடியில் பயோகான் நிறுவனத்தின் வளாகம். 1978-ல் பெங்களூரில் ஒரு வாடகை வீட்டின் கார் ஷெட்டில் 10,000 ரூபாய் முதலீட்டில் கிரண் மஜும்தார் தொடங்கிய கம்பெனி இது. பப்பாளிப் பாலிலிருந்து என்ஸைம் எடுப்பது அதன் ஆரம்பகாலத் தொழில்களில் ஒன்று. பிறகு நுண்ணுயிர்களைப் புளிக்கவைத்து மருந்து தயாரிக்கும் கலையில் தேர்ந்தது. 2001-ல் லோவாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மருந்தைத் தயாரிக்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்றது. அந்த மருந்துக்கு அனுமதி பெற்ற முதல் இந்திய நிறுவனம் பயோகான்தான்.

இந்த லோவாஸ்டாட்டினுக்குச் சீனாவில் ஒரு பூர்வீகம் உண்டு. சீனர்கள் பல நூற்றாண்டுகளாக வெந்த அரிசியில் மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை வளர்க்கிறார்கள். அரிசி செக்கச் சிவந்துவிடும். (நம் ஊர்ச் சிவப்பரிசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) உணவுக்கு நிறம் ஏற்ற, மது காய்ச்ச, வயிற்றுக் கோளாறு தீர, ரத்த ஓட்டம் சீராக என்று அதற்குப் பல உபயோகங்கள். 16-ஆம் நூற்றாண்டில் லீ ஷிஷென் தொகுத்த புகழ்பெற்ற மூலிகை நூலிலும் இதற்கு இடமுண்டு.

1978-ல் அமெரிக்காவின் மெர்க் கம்பெனி விஞ்ஞானிகள் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற மற்றொரு பூஞ்சையிலிருந்து லோவாஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஜப்பானின் அகிரா எண்டோ, மொனாஸ்கஸிலிருந்து மொனாகோலின் கே என்ற பொருளை எடுத்தார். ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றே! கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்கத் தேவைப்படும் ஒரு என்ஸைமை அது தடுத்துவிடுகிறது. 1987-ல் லோவாஸ்டாட்டின் அமெரிக்காவில் மருந்தாக விற்பனைக்கு வந்தது. ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்தவர்களுக்கு இன்று வழக்கமாகத் தரப்படும் அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் இதே குடும்பத்தின் பிள்ளைகள்தான். ஸ்டென்ட் அடைப்புள்ள ஓர் இடத்தைத்தான் திறந்து வைக்கும். மற்ற ரத்தக்குழாய்களைக் காப்பது மாத்திரையின் வேலை.

சீனா தன் பழைய சரக்கைப் பரிசோதனைக்கும் உட்படுத்தியது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த சுமார் 4,900 பேரில் ஒரு பாதிக்குச் சிவப்பு அரிசிச் சாற்றுக் குளிகையும் மறு பாதிக்கு மருந்தில்லாத குளிகையும் தரப்பட்டன. 2008-ல் முடிவு வெளியானது. மீண்டும் மாரடைப்பு அல்லது இதயநோயால் மரணம் என்பது வெறும் குளிகை சாப்பிட்டவர்களில் 10.4 சதவீதம், சாறு சாப்பிட்டவர்களில் 5.7 சதவீதம். பைபாஸ், ஆஞ்சியோபிளாஸ்டி தேவையும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2023-ல் இன்னொரு பெரிய ஆய்வு. கடும் மாரடைப்போடு வந்த 3,700-க்கும் அதிகமானவர்களில் ஒரு பாதிக்கு நவீன சிகிச்சையோடு, ஜின்செங் வேர் முதல் அட்டை, தேள், பூரான் வரை சேர்ந்த டோங்ஷின்லுவோ என்ற மருந்தும் தரப்பட்டது. 30 நாட்களில் மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் ஆபத்துகள் 5.2 சதவீதத்திலிருந்து 3.4 ஆகக் குறைந்தன. ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் பதிலாக அல்ல, நவீன சிகிச்சையின் கூடவே கொடுக்கப்பட்டது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

அப்படியானால் மாத்திரையை விட்டுவிட்டு அரிசிக்கு மாறலாமா? அங்கேதான் ஆபத்து. தொழிற்சாலை மாத்திரையில் இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு உண்டு. கடைச் சரக்கில் மருந்தின் அளவு டப்பாவுக்கு டப்பா மாறும். சிறுநீரகத்தைக் கெடுக்கும் பூஞ்சை நஞ்சும் கலந்திருக்கக்கூடும். 2024-ல் ஜப்பானில் சிவப்பு அரிசி மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தது. வேறொரு பூஞ்சை உள்ளே புகுந்திருந்தது. 2022-லேயே ஐரோப்பிய யூனியன் மொனாகோலின் அளவு நாளொன்றுக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்திவிட்டது. மாத்திரையும் அரிசியும் சேர்ந்தால் மருந்து இரட்டிப்பாகித் தசையும் கல்லீரலும் பாதிக்கப்படலாம். டான்ஷென் என்ற சீன வேர், வார்ஃபாரின் சாப்பிடுபவருக்கு ரத்தப்போக்கை உண்டாக்கலாம். ஸ்டென்ட் வைத்தவர் தாமாகவே ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் நிறுத்தினால், ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து உயிரைப் பறிக்கலாம்.

இது சீனர்களின் பிரச்னை மட்டுமல்ல. நம் வீடுகளில் மருதம்பட்டைக் கஷாயமும் பூண்டு லேகியமும் காத்திருக்கின்றன. சிபாரிசு செய்ய அக்கம்பக்கத்தாரும் இருக்கிறார்கள். டாக்டர் திட்டுவார் என்று பயந்து பலர் அதைச் சொல்வதில்லை. சில டாக்டர்கள் கேட்பதும் இல்லை. நாட்டு மருந்து சாப்பிடுகிறோம் என்று டாக்டரிடம் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி ஓசூர் பஸ் ஏறுமுன் அந்த ஒரு நிமிஷத்தைச் செலவழிப்பது நல்லது.