புத்தகப் பேட்டையின் பன்னிரண்டு மாதங்கள்

கொல்கத்தாவின் காலேஜ் ஸ்ட்ரீட்டில் புத்தகமும் பாட்டும் ஒரே பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் வெளிவரும். நடைபாதை வியாபாரிக்கு அட்டைதான் அடையாளம். மழைக்கு முதலில் பலியாவதும் அதுதான்.

வங்க மொழியில் புத்தகத்துக்கு 'பொய்' என்று பெயர். முதலெழுத்தை 'பஸ்' என்று சொல்லும்போது வருகிற மாதிரி உச்சரிக்க வேண்டும். கொல்கத்தாவின் காலேஜ் ஸ்ட்ரீட்டும் அதை ஒட்டிய சந்துகளும் சேர்ந்ததுதான் 'பொய்பாடா', அதாவது புத்தகப் பேட்டை. தமிழ்க் காதுக்கு இடறினாலும், பொய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அங்கே பொய் சொல்லிப் பிழைப்பது கடினம். வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் கடைக்காரரைவிட அதிகம் படித்தவர்கள். கடைக்காரரோ எந்தப் பேராசிரியரையும்விட அதிகமான புத்தகங்களின் முகத்தைப் பார்த்தவர்.

பேட்டை பிறந்த கதை பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குகிறது. 1817இல் இந்துக் கல்லூரி வந்தது. அதே வருடம் பாடநூல் அச்சிட ஸ்கூல் புக் சொசைட்டி ஏற்பட்டது. பின்னால் சமஸ்கிருதக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, 1857இல் பல்கலைக்கழகம் என்று வரிசையாகக் கட்டடங்கள் எழும்பின. சமஸ்கிருதக் கல்லூரியின் பண்டிதரான ஈஸ்வர சந்திர வித்யாசாகர் 1847இல் சொந்தமாக அச்சுக்கூடம் வைத்தார், புத்தகம் விற்கவும் கிடங்கு நடத்தினார். அவர் 1855இல் எழுதிய 'வர்ணபரிசய்' என்ற அரிச்சுவடி இன்றும் இங்கே விற்கிறது. புத்தக வியாபாரம் கௌரவமான தொழில் என்று வங்காளிக்குக் காட்டியவர் அவர்தான். 1886இல் தொடங்கிய தாஸ்குப்தா அண்ட் கோ இன்னும் கடை திறக்கிறது. பெரிய பதிப்பாளர்கள் பங்கிம் சட்டர்ஜி தெருவிலும் சியாமாசரண் தே தெருவிலும் இருக்கிறார்கள். கல்லூரி மதிலை ஒட்டிய நடைபாதையில், மூங்கிலும் தகரமும் தார்ப்பாயும் சேர்த்து நிறுத்திய கடைகளில், பழைய புத்தகக்காரர்கள்.

இவர்களுடைய வருடம் ஜனவரியில் தொடங்குவதில்லை. நமது சித்திரை முதல் நாளை ஒட்டி, ஏப்ரல் 15 வாக்கில் வரும் பைலா பைசாக்கில் தொடங்குகிறது. அன்று பழைய கணக்கை முடித்து, சிவப்புத் துணி போர்த்திய புதுக் கணக்கு நோட்டில் குங்குமத்தால் ஸ்வஸ்திகம் போடுகிறார்கள். இதற்கு 'ஹால் கத்தா' என்று பெயர். பதிப்பகங்களின் வாசலில் எழுத்தாளர்களுக்கு இனிப்பும் அரட்டையும் காத்திருக்கும். முன்பெல்லாம் புதுப் புத்தகங்கள் அன்றைக்குத்தான் வரும். எழுத்தாளருக்குச் சேர வேண்டிய பணமும் அன்றைக்குக் கொஞ்சம் கைமாறும்.

அந்த மாதத்தின் நான்காவது வாரத்தில் தாகூர் பிறந்த நாள். பைசாக் 25. வியாபாரியின் ஆண்டில் பாட்டு நுழைவது இங்கேதான். தாகூர் எழுதிய பாடல்கள் இரண்டாயிரத்துக்கு மேல். அவற்றைத் தொகுத்த 'கீதபிதான்' கவிதைப் புத்தகமாகவும் பாட்டுப் புத்தகமாகவும் விற்கும். கல்யாணப் பரிசாகவும் போகும். பல காலம் இதை விஸ்வபாரதி ஒன்றுதான் அச்சிட முடியும். அதன் அட்டைகளில் படம் கிடையாது. வெளிர் நிறம், எழுத்து, அவ்வளவுதான். பாட்டிலும் அதே கண்டிப்பு இருந்தது. எந்த இசைத்தட்டு வெளிவரலாம் என்பதை விஸ்வபாரதியின் மியூசிக் போர்டு தீர்மானித்தது. மக்கள் கொண்டாடிய தேவவிரத பிஸ்வாஸ் போர்டோடு ஒத்துப்போக முடியாமல் 1970களில் தாகூர் பாடல்களைப் பதிவு செய்வதையே விட்டுவிட்டார். அந்த வேதனையை எழுதிவைத்த அவரது புத்தகம் இதே தெருவில் விற்றது. குரல் போக முடியாத இடத்துக்கு அச்சு போயிற்று.

தாகூரின் பதிப்புரிமை 1991 முடிவில் தீர்ந்திருக்க வேண்டும். சட்டம் திருத்தப்பட்டுப் பத்து வருடம் நீண்டு, 2001 டிசம்பரோடு முடிந்தது. மறுநாளிலிருந்து யார் வேண்டுமானாலும் தாகூரை அச்சிடலாம், பாடலாம். பளபள அட்டை, தாடியுள்ள ஓவியம், தங்க எழுத்து என்று விதவிதமான 'கீதபிதான்'கள் வந்து குவிந்தன. இருந்தும், விஸ்வபாரதியின் அந்த மொட்டை அட்டையையே கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அலங்காரமே இல்லாததும் ஓர் அடையாளமாகிவிட்டது.

கோடும் ராகமும்

வங்காளத்தில் அட்டை ஓவியம் ஒரு கலையானதற்கு முக்கியமான காரணம் ஒரு பதிப்பகம். திலீப் குமார் குப்தா 1943இல் சிக்னெட் பிரஸ்ஸைத் தொடங்கியபோது, அட்டை போட விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்த ஓர் இளைஞரைப் பிடித்தார். அவர் சத்யஜித் ராய். ஜிம் கார்பெட்டின் குமாவுன் புலிக்கதைகள் வங்காளத்தில் வந்தபோது, ராய் அட்டை முழுவதையும் புலித்தோலாக்கினார். முன் அட்டையில் துப்பாக்கிக் குண்டு நுழைந்த துளை. பின் அட்டையில் அது வெளியேறிய துளை, சற்றுப் பெரிதாக. புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் வேட்டை முடியும். ஜீவனானந்த தாஸின் 'வனலதா சென்' கவிதை நூலுக்கும் அவர்தான் அட்டை போட்டார். 'பதேர் பாஞ்சாலி'யின் சுருக்கப் பதிப்புக்குப் படம் வரைந்தபோதுதான் அந்தக் கதை சினிமாவாக அவர் மனதில் விழுந்தது. 1955இல் வந்த படத்துக்கு முதல் விதை ஒரு புத்தக வியாபாரியின் ஆர்டர்.

'ஏக்‌ஷண்' என்ற சிற்றிதழுக்கு ராய் போட்ட அட்டைகள் வேறு ரகம். பெயரில் இருக்கும் மூன்று எழுத்துகளையே இதழுக்கு இதழ் புதிது புதிதாக வரைந்து அட்டையை நிரப்பினார். ஒரே ராகத்தை வேறு வேறு விதமாக விரித்துப் பாடுவது போல. 1961 முதல் தன் படங்களுக்குத் தானே இசையமைக்கவும் ஆரம்பித்தவர் ஆயிற்றே! அவர் மட்டுமல்ல. எண்ணற்ற வங்க நூல்களுக்கு அட்டை வரைந்த காலேத் சௌத்ரி நாடக மேடைகளை வடிவமைத்தவர், கிராமம் கிராமமாக நாட்டுப்பாடல் திரட்டியவர். இன்னொரு பெரிய அட்டை ஓவியரான பூர்ணேந்து பத்ரி கவிஞர், சினிமா இயக்குநர். கோடும் ராகமும் ஒரே ஆளிடமிருந்து வந்த காலம் அது.

இந்த அட்டைகள் இன்று எங்கே இருக்கின்றன என்பதுதான் சங்கடமான கேள்வி. நூலகத்துக்குப் போன புத்தகங்களில் பெரும்பாலும் இல்லை. நூலகம் புத்தகத்தை வாங்கியதும் பைண்டருக்கு அனுப்பும். பைண்டர் அசல் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, கெட்டிக் காகித அட்டையும் காலிகோ முதுகும் வைத்துத் திருப்பித் தருவார். உள்ளே இருக்கும் எழுத்து பிழைக்கும், முகம் போய்விடும். அட்டையோடு தப்பியவை வீடுகளில் இருந்தவைதாம். வீட்டுப் பெரியவர் காலமானதும் அவை மூட்டையாகக் காலேஜ் ஸ்ட்ரீட்டுக்கு வருகின்றன. அசல் அட்டையோடு இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் அதில் ஒரு பங்குகூடத் தேறாது. எது முதல் பதிப்பு, எது மறுபதிப்பில் நிறம் மாறியது என்று நடைபாதைக்காரர் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். எழுதி வைத்த பட்டியல் அவரிடம் இல்லை.

மழையும் மலரும்

ஜூன் வந்தால் தெருவில் தண்ணீர். பக்கத்தில் டண்டனியா காளி கோயில் சந்திப்பு ஒரு பெருமழைக்கே குளமாகிவிடும் இடம். கீழ் அடுக்கில் இருக்கும் புத்தகங்களை மேல் அடுக்குக்கு ஏற்றுவது வியாபாரியின் மழைக்கால வேலை. எப்போதும் அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. 2020 மே 20ஆம் தேதி ஆம்பன் புயல் அடித்தபோது ஊரடங்கால் கடைகள் பூட்டிக் கிடந்தன. விடிந்தபோது புத்தகங்கள் தெருவில் மிதந்தன. அந்தப் படங்கள் நாடெங்கும் பரவி, வாசகர்கள் பணம் திரட்டி அனுப்பினார்கள். 2025 செப்டம்பர் 23 விடிவதற்குள் சுமார் 250 மில்லிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. பூஜைக்கு ஒரு வாரம்கூட இல்லை. ஆண்டின் பெரிய விற்பனைக்காகக் கடனில் வாங்கி அடுக்கிய சரக்கு நனைந்தது. சாதாரணத் தாள் நனைந்தால் வெயிலில் உலர்த்திப் பாதி விலைக்காவது தள்ளலாம். வழவழப்பான அட்டையும் ஆர்ட் பேப்பரும் நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படம் உரிந்து வரும்.

பூஜைச் சரக்கில் முக்கியமானது பூஜை மலர். நம் தீபாவளி மலருக்கு மூத்த அக்காள் என்று சொல்லலாம். ஒரே மலரில் ஐந்தாறு முழு நாவல்கள் இருக்கும். சுனில் கங்கோபாத்யாயின் முதல் நாவல் 1966இல் 'தேஷ்' பூஜை மலரில்தான் வந்தது. 1970 முதல் ராயின் துப்பறியும் ஃபெலுதாவும் அதே மலரில் வரத் தொடங்கினார். தமிழில் '1084ன் அம்மா' என்று அறியப்பட்ட மகாஸ்வேதா தேவியின் நாவலும் முதலில் ஒரு பூஜை மலருக்காக எழுதப்பட்டதுதான். த.நா. குமாரஸ்வாமி போன்றவர்களின் மொழிபெயர்ப்பில் வங்க நாவல்களைப் படித்து வளர்ந்த தமிழ் வாசகர்கள், அந்த இலக்கியத்தின் பின்னால் இப்படி ஒரு பண்டிகை நெருக்கடி இருப்பதை யோசித்திருக்க மாட்டார்கள். பூஜை நெருங்க நெருங்க எழுத்தாளர் தூங்க முடியாது. பத்திரிகை ஆபீஸ் பையன் வாசலில் நிற்பான்.

மலரோடு சேர்ந்து வந்தது பூஜைப் பாட்டு. சினிமாவோடு ஒட்டாமல், பூஜைக்கென்றே மெட்டமைத்து இசைத்தட்டாக வெளியிடும் வழக்கம் அது. ஹெச்.எம்.வி. அந்த வருடப் பாடல்களின் வரிகளைப் பாடகர்களின் படத்தோடு 'சாரத் அர்க்கிய' என்ற சிறு புத்தகமாகப் போடும். 1949இல் சலில் சௌத்ரி மெட்டமைத்து ஹேமந்த முகர்ஜி பாடிய 'காயேர் வது' பஞ்சத்தில் அழிந்த ஒரு கிராமத்துப் பெண்ணின் கதை. பண்டிகைக்கு வந்த தட்டில் பஞ்சத்தைப் பாடி, அதையும் ஜனங்கள் வாங்கினார்கள்! கேசட் வந்து, பிறகு கணினியும் வந்ததில் பூஜைப் பாட்டு என்ற வழக்கம் தேய்ந்தது. அந்தச் சிறு புத்தகங்கள் இப்போது பழைய புத்தகக் கடைகளில் அரிய சரக்கு.

தேயாமல் நிற்பது ஒன்று உண்டு. மகாளய அமாவாசை விடியற்காலை நான்கு மணிக்கு வானொலியில் வரும் 'மகிஷாசுரமர்தினி'. 1931இல் தொடங்கியது. வீரேந்திர கிருஷ்ண பத்ரரின் குரலில் சண்டி பாராயணமும் பங்கஜ் மல்லிக்கின் இசையும் சேர்ந்தது. 1976இல் அவரை மாற்றி நடிகர் உத்தம் குமாரைப் பேச வைத்தார்கள். ஊர் கொதித்தது. பழையதையே மீண்டும் ஒலிபரப்ப வேண்டியதாயிற்று.

வீணையும் ஏடும்

பூஜை முடிந்ததும் வியாபாரி இறங்குவது வயிற்றுப் பிழைப்புக்கு. குளிர்காலம் பாடநூலின் காலம். ஜனவரியில் பள்ளி திறக்கும், பிப்ரவரியை ஒட்டிப் பொதுத் தேர்வு. கடையின் முன்வரிசையிலிருந்து கவிதையும் நாவலும் பின்னால் போகும். கோனார் உரை மாதிரியான 'மானே பொய்'களும், 'சஜெஷன்' என்று அங்கே பெயர் வாங்கிய உத்தேச வினாத்தாள்களும் முன்னால் வரும். இவற்றில் அட்டை அழகை யாரும் பார்ப்பதில்லை, வருடத்தைத்தான் பார்ப்பார்கள். போன வருடத்து சஜெஷன் எடைக்குத்தான் போகும். ஆனால் இலக்கியத்தை அலமாரியில் வருடக்கணக்காகக் காத்திருக்கவிடும் முதலீடு இந்த வியாபாரத்திலிருந்துதான் வருகிறது.

அதே ஜனவரி கடைசியில் புத்தகக் கண்காட்சி. 1976இல் மைதானத்தில் தொடங்கியது. 1997இல் தீயில் எரிந்தும் நிற்கவில்லை. இடம் மாறி மாறி, 2018இலிருந்து சால்ட் லேக்கில் நடக்கிறது. பதிப்பாளர்கள் புதுப் புத்தகங்களைப் பைசாக்குக்குப் பதில் கண்காட்சிக்கே வைத்துக்கொள்கிறார்கள். காலேஜ் ஸ்ட்ரீட்டின் புத்தாண்டு பாதி அங்கே போய்விட்டது.

இந்த நாட்களில்தான் வசந்த பஞ்சமியும் வரும். தமிழகத்தில் நவராத்திரியோடு முடிகிற சரஸ்வதி பூஜை, வங்காளத்தில் இந்த நாளில்தான். புத்தகத்தையும் வாத்தியத்தையும் தேவியின் காலடியில் வைத்துவிட்டால் அன்று பிள்ளைகள் படிக்க வேண்டியதில்லை. ஒரு கையில் ஏடும் மடியில் வீணையுமாக அவள் தோன்றுவது இந்தப் பேட்டையில் வெறும் படமாகத் தெரியாது. இங்கே தொழிலே அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது.

மாடிப்படி ஏறினால் காபி ஹவுஸ். 1876இல் எழுந்த ஆல்பர்ட் ஹாலில் 1942இல் காபி வந்தது, 1958இலிருந்து தொழிலாளர் கூட்டுறவு நடத்துகிறது. சிதறிப்போன ஏழு நண்பர்களைப் பற்றி 1983இல் மன்னா டே பாடிய பாட்டு இந்த இடத்தை வங்காளிகளின் பொது ஞாபகமாக்கியது. புத்தகம் வாங்கியவர்கள் முதலில் அட்டையைத் தடவிப் பார்ப்பது இந்த மேஜைகளில்தான்.

மார்ச் நடுவில் சைத்ர மாதம், தள்ளுபடி விற்பனை. கடன் கொடுத்தவர்கள் நோட்டை நீட்டும் மாதமும் அதுதான். நடைபாதைக்காரர் அலமாரியைக் காலி செய்து, தார்ப்பாயின் கிழிசலைத் தைக்கிறார். சிக்னெட் அட்டை ஒன்று கையில் கிடைத்தால் பிளாஸ்டிக் உறை போட்டு மேல் தட்டில், மழை எட்டாத இடத்தில் வைக்கிறார். ஒரு மொழியின் நூற்றாண்டு அட்டைக் கலைக்கு இன்று பாதுகாப்பு பெரும்பாலும் அந்தத் தார்ப்பாயும் அவருடைய ஞாபகமும்தான். இரண்டில் எது முதலில் கிழிந்தாலும் திரும்ப அச்சிட்டுக்கொள்ள முடியாது.