பேண்டு நோட்டும் ஒரு "சி" கிரேடும்



நேற்று மாலை என் பழைய மாணவி ஒருவர் போன் செய்தார். இப்போது அவரும் ஆசிரியை. "சார், எங்க ஸ்கூல்ல பேண்டு பொறுப்ப என் தலையில கட்டிட்டாங்க. காலைல பயிற்சிக்குப் பாதிப் பிள்ளைங்க வர்றதில்ல. வராதவங்களுக்கு கிரேடு குறைக்கலாமா சார்? நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

பத்து நிமிடம் ஏதோ பதில் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் முக்கியமானதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று உறைத்தது. சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி முடித்து, இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, 2019 மே 31இல் ஓய்வு பெற்றவன். கடைசிப் பதினைந்து வருடங்கள் டெல்டாப் பக்கம் ஓர் உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் வேலை. அங்கே உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் கிடையாது. பயிற்சிப் பள்ளியில் படித்தபோது சாரணர் குழுவில் சைடு டிரம் அடித்தவன் என்று வாய்தவறித் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து வாத்தியங்கள் வாங்கிக் கொடுத்த அன்றே பேண்டு என் பொறுப்பானது.

பெரிய டிரம் ஒன்று, சைடு டிரம் ஆறு, பியூகிள் நான்கு, ஒரு ஜோடி சிம்பல்ஸ், இரண்டு டிரையாங்கிள், மீதிப் பிள்ளைகளுக்குப் புல்லாங்குழல். மொத்தம் இருபது பேர். பயிற்சி காலை எட்டேகால் முதல் ஒன்பது வரை, வேப்பமரத்தடியில்.

வருகை விஷயத்தில் நான் கண்டிப்பு. அதற்குக் காரணமும் உண்டு. கணக்குப் பாடத்துக்கு ஒரு பிள்ளை வரவில்லை என்றால் நஷ்டம் அந்தப் பிள்ளைக்கு மட்டும். பேண்டில் அப்படி இல்லை. பெரிய டிரம்மின் அடி இடது கால் தரையில் படும்போது விழ வேண்டும். மொத்த அணியும் அந்த ஓர் அடியைக் காதில் வாங்கித்தான் நடக்கிறது. நிமிடத்துக்கு 120 அடி வேகம். பெரிய டிரம் அடிப்பவன் வரவில்லை என்றால் மற்ற பத்தொன்பது பேருக்கும் அன்று பயிற்சி இல்லை என்றே அர்த்தம். சைடு டிரம்மில் இரண்டு குச்சியும் ஒரே சத்தம் தர வேண்டும். இடக்கை எப்போதும் பலவீனம். ஒரு வாரம் விட்டால் மறுபடி முதலிலிருந்து. பியூகிள் இன்னும் மோசம். அதில் அழுத்தக் கட்டையே கிடையாது. உதட்டையும் மூச்சையும் மாற்றி மாற்றித்தான் அத்தனை சுரமும் எடுக்க வேண்டும். நான்கு நாள் ஊதாமல் விட்டால் உதடு மறந்துவிடும்.

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டேன். ஆளுக்குப் பத்து மதிப்பெண். வருகைக்கு ஐந்து, வாத்தியத்தைத் துடைத்து வைப்பதற்கு இரண்டு, சீருடைக்கும் ஷூவுக்கும் ஒன்று, வாசிப்புக்கு இரண்டு. மூன்று நாள் வரவில்லை என்றால் எச்சரிக்கை. ஆறு நாள் என்றால் பெயர் அடிக்கப்படும். 2012-13இல் முப்பருவ முறை வந்தது. பாடத்துக்கு வளரறி மதிப்பீடு 40, தொகுத்தறி மதிப்பீடு 60 என்று ஆனதோடு, பாட இணைச் செயல்பாடுகளுக்கும் கிரேடு போட வேண்டியதானது. எனக்குச் சந்தோஷம். என் நோட்டுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டதல்லவா! அதில் இருந்த பத்தை அப்படியே கிரேடாக மாற்றி ரேங்க் கார்டில் ஏற்றினேன்.

இதெல்லாம் சரியாகத்தான் நடந்தது, 2013 ஜூலை வரை.

அந்த வருடம் எட்டாம் வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம், இதைப் படிக்கிறவர்களில் அவனும் இருப்பான். நன்றாகப் படிப்பான், அதிகம் பேச மாட்டான். பேண்டுக்கு ஆள் எடுத்த அன்று முதல் ஆளாக வந்து நின்றான்.

"என்ன வேணும்டா?"

"பியூகிள் சார்."

நான் அவனை மேலும் கீழும் பார்த்தேன். "பியூகிளுக்கு ஆள் இருக்கு. நீ பெரிய டிரம் எடு. உனக்குக் கை தானா வரும்" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. பெல்ட்டை மாட்டிக்கொண்டான். நான்கு நாள் வந்தான். உண்மையிலேயே நன்றாக அடித்தான். ஐந்தாம் நாள் வரவில்லை. பள்ளிக்கு மட்டும் சரியாக ஒன்பது மணிக்கு வந்து விடுவான். கேட்டால் "வயித்து வலி சார்." மறுநாளும் அதே பதில். மூன்றாம் நாள் எல்லார் முன்னாலும் நிறுத்தி, "ஒருத்தன் வராததால பத்தொன்பது பேர் சும்மா நிக்கிறாங்க. இப்படியே போனா சி கிரேடுதான்" என்றேன். தலையைக் குனிந்தபடி நின்றான். ஆறாம் நாள் சிவப்பு மையால் பெயரை அடித்தேன்.

ஆகஸ்ட் 15 அன்று பேண்டு முன்னால் போனது. அவன் எட்டாம் வகுப்பு வரிசையில் கடைசியில் நின்றான். நான் பார்த்தேன். விதி என்றால் விதிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் பருவம் முடிந்து ரேங்க் கார்டு கொடுத்த மறு வாரம் அவன் அப்பா வந்தார். கொத்தனார் வேலை செய்பவர். அன்றைய கூலியை விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். "உக்காருங்க" என்றேன். உட்காரவில்லை. கார்டை மேசையில் விரித்து வைத்தார். எல்லாப் பாடத்திலும் நல்ல கிரேடு. கீழே ஓரிடத்தில் மட்டும் "சி".

"இது எதுக்கு சார்?"

வருகைக் கணக்கை எடுத்துக் காட்டினேன். நோட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு. எல்லாம் தேதி போட்டு எழுதியிருந்தேன்.

அவர் நோட்டைப் பார்க்கவில்லை. "நான்தான் சார் போகக் கூடாதுன்னு சொன்னேன். பையன் மேல தப்பில்ல. நான் சொன்னத உங்ககிட்ட சொல்லவும் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்" என்றார்.

"ஏங்க?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அவனுக்குக் கை தானா வரும்னு சொன்னீங்களாம். எங்கப்பாவுக்கும் கை தானா வரல சார். வர வச்சாங்க. ஊர்ல சாவு விழுந்தா அடிக்கப் போயாகணும். காய்ச்சல்னு ஒரு நாள் போகலன்னா அபராதம். எங்கப்பா செத்த அன்னிக்கு வீட்டுல இருந்த பறைய நான் தூக்கி எரியிற கட்டையிலயே போட்டேன். என் புள்ள கையில அது வரக் கூடாதுன்னுதான் கரண்டியப் புடிச்சேன். இப்ப நீங்களும் அடிக்க வரலன்னு அவனுக்கு அபராதம் போட்டிருக்கீங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

நான் சாதி பார்க்காதவன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தத் தெருப் பிள்ளைகளை என் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தவன். ஆனால் "உனக்குக் கை தானா வரும்" என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது? அவன் பெஞ்சில் தாளம் போட்டு நான் பார்த்ததில்லை. அவன் அடித்து அதற்கு முன் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் அவன் எந்தத் தெரு என்பது ஒன்றுதான். பியூகிளுக்கு ஆள் இருக்கிறது என்று சொன்னதும் பொய். அன்று இரண்டு பியூகிள் பெட்டியில் சும்மாதான் கிடந்தன.

"மன்னிச்சிக்கங்க" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. தலைமையாசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். கிரேடைத் திருத்தி, அவர் கையெழுத்தும் வாங்கினோம். மறுநாள் பையனைக் கூப்பிட்டு, "நான் செஞ்சது தப்புடா. பியூகிள் இருக்கு. விருப்பம்னா எடுத்துக்க. இல்லன்னாலும் உன் கிரேடு மாறாது" என்றேன். உடனே எடுக்கவில்லை. வீட்டில் கேட்டு வருகிறேன் என்று போனான். அடுத்த திங்கட்கிழமை எட்டு மணிக்கே வந்து மரத்தடியில் நின்றான்.

2014 ஜனவரி 26 அன்று கொடி ஏறும்போது ஊதினான். நடுவில் ஒரு சுரம் பிசிறியது. பதற்றம்தான். அவன் அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் சைக்கிளைப் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் என்னிடம் வந்து பேசவில்லை. கையை மட்டும் லேசாகத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

பெரிய டிரம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குப் போனது. இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தவள். பெண் பிள்ளைக்குக் கனம் தாங்காது என்று நான்தான் தட்டிக் கழித்திருந்தேன். அவள் அம்மாவுக்கு விருப்பமில்லை என்று தெரிந்ததும் இந்த முறை நோட்டைத் தேடவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். பயிற்சி முடிந்து வீடு வந்து சாப்பிட நேரமில்லை, பிள்ளை பட்டினி கிடக்கிறது என்பதுதான் அவர்கள் கவலை. டிபன் டப்பா கொண்டு வந்து பள்ளியிலேயே சாப்பிடட்டும் என்றதும் சரியென்றார்கள். அவ்வளவுதான் பிரச்சினை!

இப்போது என் மாணவிக்கும், இதைப் படிக்கிற மற்ற ஆசிரியர்களுக்கும். அதன் பிறகு ஐந்து வருடம் நான் கடைப்பிடித்தவை:

1. முதல் இரண்டு வாரம் எல்லாரும் எல்லா வாத்தியத்தையும் தொட்டுப் பார்க்கட்டும். பிறகு எது வேண்டும் என்று பிள்ளையே சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். நாமாக ஒன்றைக் கையில் திணிக்க வேண்டாம்.

2. வருகைப் பதிவு அவசியம். அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் வராத நாளுக்கு நேரே காரணம் எழுத ஓர் இடம் விடுங்கள். காரணத்தை எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். மூன்று நாள் வரவில்லை என்றால் எச்சரிக்கைக்குப் பதில் வீட்டுக்கு ஒரு நடை.

3. வருகை வேறு, கிரேடு வேறு. வராதவனை அன்றைய அணிவகுப்பில் நிறுத்த முடியாமல் போகலாம். அது மற்றவர்களுக்குச் செய்யும் நியாயம். அதற்காக அவன் ரேங்க் கார்டில் தழும்பு போடத் தேவையில்லை.

4. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் இரண்டு பேரைத் தயார் செய்யுங்கள். ஒருவன் வராத நாளில் இன்னொருவன் அடிப்பான். என் கண்டிப்பில் பாதி, மாற்று ஆள் வைக்காத என் சோம்பலால் வந்தது என்று பிறகுதான் புரிந்தது.

5. கிரேடு போடுவதானால், ஜூலையில் எப்படி இருந்தான், செப்டம்பரில் எப்படி இருக்கிறான் என்று பார்த்துப் போடுங்கள். பக்கத்துப் பையனோடு ஒப்பிட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பறையிசைக்காகப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இன்று எத்தனையோ இளைஞர்கள், பெண்கள் உட்பட, பறையைப் பெருமையாகத் தோளில் மாட்டுகிறார்கள். பார்க்க நிறைவாக இருக்கிறது. அந்தச் செய்தியைப் படித்த அன்றும் எனக்கு அந்தக் கொத்தனார்தான் ஞாபகத்துக்கு வந்தார். விரும்பி எடுப்பது வேறு, இன்ன தெரு என்பதற்காக ஒருவன் கையில் கொடுப்பது வேறு. நான் செய்தது இரண்டாவது.

அந்த நாற்பது பக்க நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. சிவப்பு மையில் அடித்த பெயரும் அப்படியே இருக்கிறது. ஓய்வு பெற்ற அன்று பழைய காகிதங்களை எல்லாம் கடையில் போட்டேன். இதை மட்டும் போட மனம் வரவில்லை.

தம்பி, நீ இதைப் படித்தால், அப்பாவைக் கேட்டதாகச் சொல்.