இரண்டு மார்க் கேள்வி

பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் போதிக்கும் உபாத்தியாயர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. உலகத்தில் எவ்வளவு பெரிய விஷயமானாலும், அதை இரண்டு மார்க் கேள்வியாகவோ ஐந்து மார்க் கேள்வியாகவோ நாம் சுருக்கிவிடலாம். பானிப்பட்டு யுத்தம் ஐந்து மார்க். பருவக்காற்று ஐந்து மார்க். "பொதுக் கணக்குக் கமிட்டி என்றால் என்ன?" என்பது இரண்டே மார்க். "பார்லிமெண்டின் இரு சபைகளிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட 22 அங்கத்தினர்களைக் கொண்டது, சர்க்கார் செய்த செலவுகளைப் பரிசீலிப்பது" என்று எழுதிவிட்டால் முழு மார்க்கும் கொடுத்துவிடுவோம். 15 வருஷங்களுக்கு மேலாக அப்படித்தான் கொடுத்து வந்தோம்.

அந்தக் கேள்விக்கு இரண்டு மார்க் போதாது என்று நமக்குப் புத்தி புகட்டியவர் ஒரு பெரிய மேதாவியல்ல. எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் தெரிந்த ஓர் அம்மாள்.

நாம் வேலை பார்ப்பது வேலூர்ப் பக்கத்தில் ஒரு சிற்றூர். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பது வெகு சகஜம். கலியாண வீட்டில் சம்பந்திகள் பேசிக்கொள்ளும்போதுகூட, "பையன் எந்த ரெஜிமெண்டு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்த அம்மாளின் பிள்ளை நம்மிடம் படித்தவன். கணக்கிலும் ஆங்கிலத்திலும் அவன் பட்ட பாட்டை இங்கே சொல்ல வேண்டியதில்லை. ஓட்டப் பந்தயத்தில் மட்டும் அவனை யாரும் பிடிக்க முடியாது. பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்துவிட்டான்.

2020-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாள் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் நாலாக மடித்த பத்திரிகை.

"சார், பேப்பர்லே போட்டிருக்காமே, பனிமலையிலே இருக்கிற பிள்ளைங்களுக்குப் பூட்ஸ் இல்லையாமே? எம் பிள்ளை இப்போ அங்கேதான் இருக்கான். நீங்க படிச்சவங்க. நிஜமான்னு சொல்லுங்க."

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. 2016-ஆம் வருஷம் பிப்ரவரி 3-ந் தேதி, ஸியாச்சின் பனிப் பிரதேசத்தில் ஏறக்குறைய 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் என்ற காவல் நிலையின்மேல் பனிச்சுவர் சரிந்து விழுந்தது. மதறாஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த 10 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. அந்தச் செய்தி வந்த நாளில் நம் ஊரில் பல வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை. பனிச்சுவர் சரிவது இயற்கையின் செயல். எந்தக் கமிட்டியாலும் அதைத் தடுக்க முடியாது. ஆனால் பூட்ஸ் இல்லாமற்போவது இயற்கையின் செயலல்லவே!

அம்மாளை உட்காரச் சொல்லிப் பத்திரிகையைப் படித்தோம். இந்திய சர்க்காரின் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி பார்லிமெண்டில் வைத்த அறிக்கையைப் பற்றிய செய்தி அது. ஸியாச்சின், லடாக் முதலிய உயரமான இடங்களில் காவல் காக்கும் படையினருக்கு உடுப்பு, உணவு, உறைவிடம் ஆகியவற்றை வாங்கிக் கொடுத்த விதத்தை அந்த அதிகாரியின் ஆட்கள் பரிசோதித்திருந்தார்கள். 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரையில் பனியில் அணியும் பூட்ஸ் சிப்பாய்களுக்குப் புதிதாக வழங்கப்படவில்லை. இருந்த பூட்ஸையே மறுபடியும் மறுபடியும் உபயோகப்படுத்த நேர்ந்தது. பனியின் வெளிச்சத்திலிருந்து கண்ணைக் காக்கும் கண்ணாடிகளுக்குப் பெரும் பற்றாக்குறை. மேலான ரகங்கள் கிடைத்துங்கூட முகமூடி, மேலங்கி, படுக்கைப் பை முதலியவற்றைப் பழைய ரகத்திலேயே வாங்கியிருந்தார்கள். உணவிலோ ஒரு விசித்திரம். ஒரு பண்டத்துக்குப் பதிலாக வேறொரு பண்டம் கொடுக்கும்போது, எடைக்கு எடை கொடுக்காமல் விலைக்கு விலை கொடுத்தார்களாம். பதிலாக வந்த பண்டம் விலை கூடியதாயிருந்தால், இலையில் விழுவது குறையத்தானே செய்யும்? இப்படியாக உணவின் சக்தி 82 சதவிகிதம் வரையில் குறைந்ததென்று அறிக்கை கூறிற்று.

அந்த உயரத்தில் பசியே எடுக்காது என்பார்கள். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரி வரை இறங்கும். 1984 ஏப்ரலில் நம் படை அங்கே கால் வைத்த நாள் முதலாக, குண்டு பட்டு இறந்தவர்களைவிடக் குளிராலும் பனியாலும் இறந்தவர்களே அதிகம். அப்படிப்பட்ட இடத்தில் பூட்ஸும் கண்ணாடியும் வெறும் உடுப்பல்ல, அவையே ஆயுதம்.

"இது பழைய கணக்கு அம்மா. 2015-லிருந்து 2018 வரைக்கும் உள்ளது. இப்போது நிலைமை சீர்பட்டுவிட்டதென்று ராணுவத்தார் சொல்கிறார்கள்" என்றோம். உண்மையாகவே அப்படிச் சொல்லியிருந்தார்கள்.

"அப்போ போன பிள்ளைங்க?" என்றார் அம்மாள். நம்மிடம் பதில் இல்லை.

அன்றிரவு, பத்திரிகைச் சுருக்கம் எதற்கு, அறிக்கையையே முழுவதும் படித்துவிடலாமென்று இணையத்தில் தேடினோம். கிடைக்கவில்லை. பாதுகாப்பு இலாகாவைப் பற்றிய தணிக்கை அறிக்கைகளை இணையதளத்தில் போடாமலிருப்பது யோசித்துச் செய்த முடிவேயென்று, அப்போதைய தணிக்கை அதிகாரி அதே வருஷத்தில் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். அயல்நாட்டில் உட்கார்ந்திருப்பவரும் அதைப் படித்துவிடுவாரே என்பது அவர் சொன்ன காரணம். அதில் நியாயம் இல்லாமலில்லை. நம்மிடம் எத்தனை நாள் யுத்தத்துக்குப் பீரங்கிக் குண்டு இருக்கிறதென்று எதிரிக்குத் தெரிவானேன்? ஆனால் குண்டுக் கணக்கை மூடி வைக்கும் அதே திரை, பூட்ஸ் கணக்கையும் மூடிவிடுமானால், அதன் பின்னால் சௌகரியமாக உட்கார்ந்துகொள்கிறவர் யார் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அன்று முதல் சில மாதங்கள் இந்த விஷயமாகவே படித்துக்கொண்டிருந்தோம். நம் வீட்டம்மாள், "பரீட்சைக்குப் போகப் போவது பிள்ளைகளா, நீங்களா?" என்று கேட்கும்படி ஆயிற்று.

சுதந்திரம் வந்த அடுத்த வருஷமே இந்தக் கதை தொடங்கிவிட்டது. 1948-ல் காஷ்மீரத்தில் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, படைக்கு ஜீப் வண்டிகள் அவசரமாக வேண்டியிருந்தன. லண்டனில் நம் ஹைகமிஷனராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன், வழக்கமான முறைகளைத் தாண்டி, ஏறக்குறைய ரூ. 80 லட்சத்துக்கு ஓர் ஒப்பந்தம் செய்தார். வந்து சேர்ந்தவை 155 வண்டிகள். அவையும் படைக்கு உதவாதவை. பார்லிமெண்டில் கேள்வி எழுந்தது. அனந்தசயனம் ஐயங்கார் தலைமையில் கமிட்டி விசாரித்தது. கடைசியில் 1955-ல், விஷயம் முடிந்துவிட்டதென்று சர்க்கார் அறிவித்துவிட்டார்கள். 1957-ல் கிருஷ்ண மேனனே பாதுகாப்பு மந்திரியானார். அவர் காலத்தில்தான் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை ஏற்பட்டதென்பதையும் சொல்லிவிடுவது நியாயம். ஆயினும் 1962-ல் சீனப் படை இமயமலையில் இறங்கியபோது, நம் சிப்பாய்களில் பலர் பருத்தி உடுப்பும் கான்வாஸ் பூட்ஸும் அணிந்து, பழைய .303 துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள். மந்திரி ராஜினாமாச் செய்தார். இறந்தவர்கள் திரும்பி வரவில்லை.

இதையெல்லாம் படிக்கும்போது, பார்லிமெண்டு இன்னும் கடுமையாக விசாரித்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நமக்குத் தோன்றியது. போபர்ஸ் விவகாரத்தைப் படித்த பிறகு அந்த அபிப்பிராயத்தைச் சற்று மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

1986 மார்ச்சில் ஸ்வீடன் தேசத்துக் கம்பெனியிடம் 400 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் செய்தார்கள். மறு வருஷம் ஸ்வீடன் ரேடியோ லஞ்சக் குற்றச்சாட்டை வெளியிட்டது. பார்லிமெண்டின் கூட்டுக் கமிட்டி ஒன்று விசாரித்தது. பிரதான எதிர்க்கட்சிகள் அதில் சேர மறுத்துவிட்டன. லஞ்சத்துக்கு அத்தாட்சி இல்லையென்று 1988-ல் கமிட்டி கூறிற்று. 1989-ல் தணிக்கை அதிகாரியின் அறிக்கை, பீரங்கியைத் தேர்ந்தெடுத்த முறையில் குற்றம் கண்டது. எதிர்க்கட்சி அங்கத்தினர்கள் கூட்டமாக ராஜினாமாச் செய்தார்கள். அவ்வருஷத் தேர்தலில் சர்க்காரே போய்விட்டது. பத்து வருஷத்துக்குப் பின் 1999-ல், கார்கில் மலையுச்சிகளிலிருந்த எதிரியை விரட்டியதில் அந்தப் பீரங்கிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பீரங்கி நல்லது, வாங்கிய விதந்தான் சந்தேகத்துக்கிடமானது. ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது? பேனா பிடித்தவர்களுக்கெல்லாம் பயம் பிடித்துவிட்டது. கையெழுத்துப் போட்டால்தானே குற்றம்? போடாமலிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? நம் படைக்கு அடுத்தபடியாக அயல்நாட்டிலிருந்து புதிய பெரிய பீரங்கி வந்து இறங்கியது 2017-ல். இடையில் 30 வருஷம்!

வாங்கியதில் குற்றம் இருந்தால் ஊரெல்லாம் பேசுகிறது. வாங்காமலிருந்த குற்றத்தைப் பற்றிப் பேச ஆளில்லை. நல்ல பரிசீலனை இரண்டையும் கேட்க வேண்டும். "இதை ஏன் வாங்கினாய்?" என்று கேட்பதோடு, "அதை ஏன் இன்னும் வாங்கவில்லை?" என்றும் கேட்க வேண்டும். அவ்விதம் கேட்டதற்கும் உதாரணம் உண்டு. 2018 மார்ச்சில், பாதுகாப்பு இலாகாவுக்கான பார்லிமெண்டு நிலைக்குழுவின் முன்பு ராணுவத்தின் உபதளபதி சாட்சியம் சொன்னார். படையிடம் உள்ள சாதனங்களில் 68 சதவிகிதம் பழங்காலத்தவை. 24 சதவிகிதம் நடப்புக் காலத்தவை. மிகப் புதியவை 8 சதவிகிதமே என்றார். அக்குழுவின் தலைவர் எதிர்க்கட்சிக்காரரல்ல. ஆளுங்கட்சியைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல். குழு அந்த வார்த்தைகளை மறைக்காமல் அச்சிட்டது. பொதுக் கணக்குக் கமிட்டியும் 2020-ல் பனிமலை உடுப்பு விஷயத்தைத் தன் பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது. 1967 முதல் அதன் தலைமை எதிர்க்கட்சிக்காரருக்கே என்பது சம்பிரதாயம். மந்திரிகள் அங்கத்தினராக முடியாது. இத்தனையும் நம் பாடப் புத்தகத்தில் இருந்தவைதாம். பூட்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்பதுதான் நமக்கு எட்டவில்லை.

அவ்வருஷம் தீபாவளிக்குப் பையன் லீவில் வந்தான். முகம் கறுத்து, மூக்கு நுனியில் தோல் உரிந்திருந்தது. காப்பி கொடுத்து உட்காரவைத்தோம்.

"உனக்குப் பூட்ஸ் சரியாக இருந்ததா, அப்பா?" என்றோம்.

"நல்லா இருந்தது, சார். புதுசுதான்."

"முன்னால் போனவர்களுக்கு?"

சற்று நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "அதை நாங்க வெளியிலே பேசக்கூடாது, சார். குடுத்ததைப் போட்டுக்கிட்டு, போகச் சொன்ன இடத்துக்குப் போறதுதான் எங்க வேலை. கேக்கறதுக்கு வேற ஆளுங்க இருக்காங்கன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? 22 பேர்னு ஞாபகம். அந்தக் கேள்வி ஒண்ணுதான் எனக்குச் சரியா வந்தது."

நாம் வகுப்பில் எத்தனையோ பரிகாசங்களைச் சகித்ததுண்டு. பரிகாசமே இல்லாமல் அவன் சொன்ன இந்த வார்த்தை நம்மை உறுத்தியதுபோல் எதுவும் உறுத்தியதில்லை. சிப்பாய்க்கு வாய் திறக்க உரிமையில்லை, இருக்கவும் கூடாது. ஆயுதம் ஏந்தியவன் வாயும் திறந்தால் ஜனநாயகம் நிலைக்காது. அதனாலேயே அவனுக்காக வாய் திறக்க வேண்டிய கடமை ஜனப் பிரதிநிதிகளுக்கு உண்டு. அந்தப் பிரதிநிதிகளை ஓட்டுப் போட்டு அனுப்பிய நமக்கும் அதில் பங்கு உண்டு. ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் நாம் ரோடு கேட்டிருக்கிறோம், தண்ணீர்க் குழாய் கேட்டிருக்கிறோம். "பாதுகாப்பு மானியம் விவாதமே இல்லாமல் நிறைவேறுகிற வருஷங்கள் உண்டாமே, அப்போது தாங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இப்போது அந்தப் பாடத்தை நாம் நடத்தும்போது, ஒரு ஜோடி பூட்ஸ் கேட்கப்பட்டு, டெண்டர் போடப்பட்டு, சோதிக்கப்பட்டு, மலைக்குப் போய்ச் சேரும் வழியைக் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறோம். எந்த மேஜையில் காகிதம் தங்கினால் எந்தக் காலில் குளிர் ஏறும் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்கள். சென்ற வருஷம் ஒரு சிறுமி எழுந்து, "கமிட்டி பழைய கணக்கைத்தானே பார்க்கிறது, சார்? அதற்குள் அவர் பனியில் நின்றுவிட்டு வந்திருப்பாரே?" என்று கேட்டாள். உண்மைதான். நாம் விடைத்தாள் திருத்துவதும் பரீட்சை முடிந்த பிறகுதான். அடுத்த பரீட்சைக்கு அது உதவுமென்ற நம்பிக்கையில்தான் திருத்துகிறோம் என்றோம். அவளுக்கு அது திருப்தியளித்ததாகத் தெரியவில்லை. நமக்கும் முழுத் திருப்தியில்லை.

அந்த அம்மாளை அண்மையில் கடைத்தெருவில் பார்த்தோம். பையன் இப்போது சமவெளியில் இருக்கிறானாம், சௌக்கியமாம். "இனிமேல் உங்களுக்குக் கவலையில்லை" என்றோம்.

"என் கவலை தீர்ந்தது, சார். இப்போ யார் பிள்ளை மேலே நிக்குதோ!" என்று சொல்லிவிட்டு, "பேப்பர்லே ஏதாவது போட்டிருக்கா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும், பத்திரிகையில் சாதாரணமாக நாம் புரட்டித் தள்ளிவிடும் பார்லிமெண்டுப் பக்கத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.