மேசை மேல் எட்டு மணி நேரம்

நோயாளி மேசைக்கு வருமுன்பே தியேட்டர் சிஸ்டர் விரிப்பை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். மடிப்பு, ஈரம், தவறி விழுந்த ஊசி மூடி எதுவும் இருக்கக் கூடாது. சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை. அன்றைக்குக் கன்னப் புற்று. கட்டியையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்து, தொடையிலிருந்து தோலும் சதையும் இரத்தக் குழாயோடு வெட்டிக் கன்னத்தில் பொருத்த வேண்டும். எட்டு மணி நேரம் தாண்டும்.

வார்டில் என்றால் படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் போடலாம். இங்கே அதற்கு வழியில்லை. மயக்கத்தில் வலி தெரியாது, நெளியவும் முடியாது. போதாக்குறைக்கு, விழுங்க முடியாமல் கஞ்சியிலேயே காலம் தள்ளியவர், இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

“சதையே இல்லப்பா, ஜெல் பேட் இன்னொண்ணு எடுத்துட்டு வா” என்றார் சிஸ்டர், உதவியாளரிடம். கெண்டைக்கால் நெடுகத் தலையணை வைத்து, குதிகால் மேசையில் படாதபடி தூக்கி வைத்தார். அடியில் கையை விட்டு இழுத்தார், தடங்கலில்லாமல் வந்தது. முழங்கால் லேசாக மடங்கியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார். பயிற்சி மாணவி ஒருத்தி குதிகாலுக்கடியில் வைக்கக் கையுறையில் தண்ணீர் நிரப்பத் தொடங்கியிருந்தாள். “அது வேணாம்மா.” பல ஆஸ்பத்திரிகளில் இன்னும் நடக்கிற பழக்கம்தான், வளையத் தலையணையும் அப்படியே. சர்வதேச வழிகாட்டுதல்கள் இரண்டையும் தவிர்க்கச் சொல்கின்றன. தலை ஒருபக்கம் திரும்பியிருந்ததால் காது மடங்கியிருக்கிறதா என்று பார்த்தார். கிருமிநாசினி வழிந்து முதுகடியில் தேங்காமல் துடைத்தார். கட்டி வெளியே வந்ததும், மயக்க மருத்துவரைக் கேட்டுக்கொண்டு பின்மண்டையைச் சற்றே தூக்கி இடம் மாற்றி வைத்தார். இதற்கெல்லாம் பில்லில் ஒரு வரிகூடக் கிடையாது.

தியேட்டரில் பட்ட அழுத்தம் அன்றே தெரியாது என்பதுதான் சங்கடம். உள்ளே சதை செத்து, இரண்டு மூன்று நாள் கழித்து ஊதா நிறத்தில் மேலே வரும். அதற்குள் நோயாளி ஐசியு, வார்டு என்று கை மாறியிருப்பார். பழி வார்டு சிஸ்டர் தலையில் விழும். படுக்கைப் புண் ஆபத்தைக் கணிக்க 1987-இல் வெளியான பிரேடன் அளவுகோல் 6 முதல் 23 வரை மதிப்பெண் தரும். குறையக் குறைய ஆபத்து. மேசையில் கிடந்த நேரம் அதில் சேராது. எத்தனை மணி நேரம், எந்த நிலையில் படுத்திருந்தார், மேசையிலிருந்து இறக்கியபோது தோல் எப்படி இருந்தது என்பதையும் எழுதித்தான் வார்டுக்கு அனுப்ப வேண்டும். ஆள் பற்றாக்குறையில் முதலில் விட்டுப்போவதும் அதுதான்.

இது வெறும் புண் சமாச்சாரம் அல்ல. வாய்ப் புற்றுக்கு அறுவைக்குப் பிறகு கதிர்வீச்சு தேவைப்பட்டால், ஆறு வாரத்துக்குள் தொடங்கப் பார்ப்பார்கள். முதுகடியில் புண்ணோடு கதிர்வீச்சு மேசையில் எப்படிப் படுப்பது?

நம் கறுத்த தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. சூடா, கெட்டியா, கொழகொழப்பா என்று விரலால் தொட்டுத்தான் அறிய வேண்டும். வீட்டில் யாருக்காவது நீண்ட அறுவை நடந்தால், அடுத்த மூன்று நாளும் பின்மண்டை, முதுகடி, குதிகாலைப் பார்க்கச் சொல்லி சிஸ்டரிடம் கேளுங்கள். நிறம் மாறியிருந்தால் எண்ணெய் தடவித் தேய்த்துவிடாதீர்கள், உடனே காட்டுங்கள்.