காத்திருத்தலின் எல்லை

கருவி நல்லதாயின் தொழில் எளிதாகும். ஆயினும், நல்ல கருவி வரட்டும் என்று காத்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை எது என்பதை ஒரு தச்சர் தம் மகனுக்கு உணர்த்திய வரலாறு இது.

அம்மகன் கட்டடக்கலை பயிலும் மாணவன். தன் ஊர்க் கோயிலின் பதினாறுகால் மண்டபத்தை, தூணும் போதிகையும் உத்திரமும் உள்ளவாறே தோன்றும்படி கணினியில் அமைக்க வேண்டும் என்பது அவனது ஆசை. அதற்கு வேண்டிய பிளெண்டர் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது. பொருள் தேவைப்பட்டது கணினிக்கே. 2021ஆம் ஆண்டில் தந்தையார், உளி பிடித்த கையால் சிறுகச் சிறுகச் சேர்த்த 55,000 ரூபாயை அவனிடம் கொடுத்து, “மடிக்கணினி ஒன்று வாங்கிக்கொள், தம்பி” என்றார்.

அவன் கடைக்குச் சென்றான். அத்தொகைக்குக் கிடைத்த மடிக்கணினிகளில் தனி வரைகலை அட்டை இல்லாதனவே பல. அஃது இருந்த சிலவற்றிலும் அதற்குரிய நினைவகம் 2 ஜிகாபைட் அளவே இருந்தது. மண்டபத்திற்கு அது போதாது என்று கருதி, வாங்காமலே திரும்பினான்.

வரைகலை அட்டையின் பணி யாது? திரையில் நாம் காணும் படம் புள்ளிகளால் ஆயது. அகலத்தில் 1920 புள்ளிகளும் உயரத்தில் 1080 புள்ளிகளும் கொண்ட திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றிற்கும் இன்ன நிறம், இவ்வளவு ஒளி என்று கணக்கிட்டாக வேண்டும். தலைமைச் செயலி, வலிமை மிக்க ஓர் ஆளைப் போன்றது. கடினமான வேலைகளையும் விரைந்து முடிக்கும். வரைகலைச் செயலியோ, வயலில் வரிசையாக நின்று நாற்று நடுவோரைப் போன்றது. ஆயிரக்கணக்கான சிறு கணக்குகளை ஒரே வேளையில் செய்து முடிக்கும். தனி அட்டை இல்லாத கணினியில், தலைமைச் செயலியோடு இணைந்த சிறு வரைகலைப் பகுதி, பொது நினைவகத்தையே பங்கிட்டுக்கொண்டு இப்பணியை மெல்லச் செய்கிறது.

மேசைக் கணினியில் பழைய அட்டையைக் கழற்றிவிட்டுப் புதியதைச் செருகலாம். மடிக்கணினியிலோ, வரைகலைச் செயலி பெரும்பாலும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கும்போது எது வாய்த்ததோ, அதுவே இறுதிவரை துணை. ஆதலின் மாணவன் தயங்கியதில் தவறில்லை. காலமும் அப்பொழுது பொல்லாததாய் இருந்தது. பெருந்தொற்றால் வீடுதோறும் கணினி தேவைப்பட்டது. சில்லுகளுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. கிரிப்டோ நாணயம் ஈட்டுவோர் வரைகலை அட்டைகளை வாங்கிக் குவித்தனர். விலை ஏறி நின்றது.

பணம் வங்கியில் கிடந்தது. மாணவன் செய்தி படிப்பதையே தொழிலாகக் கொண்டான். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் என்விடியா நிறுவனத்தின் ஆர்.டி.எக்ஸ். 3050 மடிக்கணினிகளுக்கு வந்தது. ‘விலை இறங்கட்டும்’ என்றிருந்தான். 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் எத்தீரியம் என்னும் கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொள்ளவே, அதனை ஈட்டுதற்கு வரைகலை அட்டைகள் வேண்டாவாயின. ‘இனி வாங்கலாம்’ என்று அவன் எண்ணும்போதே, 2023ஆம் ஆண்டு ஜனவரியில், 6 ஜிகாபைட் நினைவகம் கொண்ட 4050 அறிவிக்கப்பட்டது. அடிவானத்தைத் தொட்டுவிட நடப்பவனுக்கு அடிவானம் விலகிக்கொண்டே போவது போல, அவனது நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. மண்டபத்தில் ஒரு தூணும் எழவில்லை. உறவினர் கொடுத்த பழைய கணினி ஒன்று வீட்டின் மூலையில் தூசி படிந்து கிடந்தது.

ஒருநாள் மாலை, பட்டறையில் இழைப்புளியை வைத்துவிட்டுத் தந்தையார் கேட்டார்: “தம்பி, எதற்காகக் காத்திருக்கிறாய்?”

“இன்னும் நல்லது வரும், அப்பா.”

“எவ்வளவு நல்லது வந்தால் உனக்குப் போதும்?”

மகனுக்கு விடை தெரியவில்லை. தந்தையார் சுவரில் சாய்த்திருந்த தேக்குப் பலகைகளைக் காட்டினார். “இவை ஓராண்டாகக் காய்கின்றன. ஈரமரத்தில் கதவு செய்தால் கோணிவிடும். அதனால் நானும் காத்திருக்கிறேன். ஆனால் எவ்வளவு காய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதுவரை என் உளியும் சும்மா கிடப்பதில்லை.”

அன்றிரவே மகன் பழைய கணினியைத் துடைத்து வைத்து வேலையைத் தொடங்கினான். மண்டபத்தின் பதினாறு தூண்களும் ஒரே அச்சில் அமைந்தவை. ஒரு தூணை மட்டும் முழுமையாகச் செய்து, ஏனைய பதினைந்தையும் அதன் நிழல்களாக நிறுத்தினால், கணினி ஒரு தூணின் வடிவத்தையே நினைவில் தாங்கினால் போதும் என்று கற்றான். இவ்வாறு செய்தபின், தனக்கு வேண்டுவது 4 ஜிகாபைட்டே என்பது அவனுக்குத் தெளிவாயிற்று. பெயர் ஒன்றாயினும் ஆற்றல் ஒன்றன்று என்பதையும் அறிந்தான். 3050 என்னும் அதே சில்லு, ஒரு மடிக்கணினியில் 35 வாட் மின்திறனிலும், மற்றொன்றில் 80 வாட் வரையிலும் இயங்கக்கூடும். மெல்லிய உடலும் சிறிய விசிறியும் உள்ள கணினி மிகுந்த வெப்பத்தைத் தாங்காது. ஆதலின் அதில் சில்லின் வேகமும் குறையும்.

அவ்வாண்டுத் தீபாவளியை ஒட்டி விலை இறங்கியது. அவன் பெயரைக் கேட்டான், நினைவகத்தைக் கேட்டான், வாட் எத்தனை என்றும் கேட்டான். தன் கைப்பொருளுக்குள் 3050 ஒன்றை வாங்கினான். அருகில் இருந்த 4050 அவன் மனத்தை அசைக்கவில்லை.

இன்னும் காத்திருந்தால் இன்னும் நல்லது கிடைத்திருக்கும் என்பது உண்மையே. 2025ஆம் ஆண்டில் 8 ஜிகாபைட் நினைவகத்தோடு 5050 வந்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே, செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் பெருந்தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை உயர்ந்ததும் உண்மை. காத்திருந்தால் எல்லாம் மலிவாகும் என்பது விதியன்று.

சில திங்களில் மண்டபம் திரையில் எழுந்தது. தூண்களின் மீது காலை வெயில் விழுந்தது. தந்தையார் நெடுநேரம் பார்த்தார். பின்பு விரலால் ஓரிடத்தைச் சுட்டி, “உத்திரக் கற்கள் இரண்டும் சேருமிடம் போதிகையின் மேல் வரவேண்டும். நீ இரு தூண்களுக்கும் நடுவே அந்தரத்தில் சேர்த்திருக்கிறாய். இம்மண்டபம் நிற்காது, தம்பி” என்றார்.

எத்துணை உயர்ந்த அட்டையும் அப்பிழையைக் காட்டியிராது. மறுநாள் பொழுது புலரும் முன்னே, மகன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டான். அதற்கு அவன் எந்த அறிவிப்புக்காகவும் காத்திருக்கவில்லை.