படமும் உரையும்

பாட்டுக்கு உரை கூறுவதிலேயே என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. ஓய்வுபெற்ற பின்னர் ஓவிய நூலொன்றைப் புரட்டியபோதுதான், படத்திற்கும் உரை வேண்டும் என்பதை உணர்ந்தேன்.

செருமானிய நாட்டு நூரம்பர்க் நகரத்து ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், ஏறத்தாழ 1498-இல், செப்புத் தகட்டில் கூரிய உளியாற் செதுக்கி அச்சிட்ட படம் அது. செதுக்கிய கோடுகளில் மையை நிரப்பி, தகட்டைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்துவர். இவ்வாறு எடுத்த படிகள் ஊர்தோறும் பரவின. பொருள் மட்டும் உடன் செல்லவில்லை. படத்தில் ஓவியர் பெயரின் முதலெழுத்துகள் உள்ளனவேயன்றிப் படத்தின் பெயர் இல்லை.

ஆட்டுக்கால் உடைய காட்டுத் தேவன் மடியில் ஆடையற்ற மங்கை ஒருத்தி இருக்கிறாள். ஆடையணிந்த மற்றொருத்தி அவளை அடிக்கத் தடியோங்கி நிற்கிறாள். வலப்பக்கத்தே வலிய ஆடவன் ஒருவன் மரத்தடி ஒன்றை இரு கைகளாலும் பற்றியுள்ளான். அவன் தலைச்சீராவின் உச்சியில் ஒரு சேவல்!

இத்தாலியரான வசாரி, 1568-இல் வெளிவந்த தம் நூலில், டயானா என்னும் வேட்டைத் தெய்வம் அணங்கொருத்தியை அடிப்பதாக உரைத்தார். ஆடவன் யார் என்பதற்கு அவ்வுரையில் விடை காணோம். டியூரரோ, 1520-21-இல் நெதர்லாந்துப் பயணத்தில் எழுதிய நாட்குறிப்பில், 'ஹெர்க்குலிஸ்' என்றொரு படத்தைச் சுட்டுகிறார். அஃது இதுவே என்பது அறிஞர் துணிபு.

கிரேக்கரான செனபோன் நூலில் ஒரு கதை உண்டு. வாழ்வழி யாதென எண்ணியிருந்த இளைஞன் ஹெர்க்குலிசிடம் மகளிர் இருவர் வந்தனர். ஒருத்தி இன்பங்காட்டித் தன்வழி அழைத்தாள். மற்றொருத்தி உழைப்பைக் காட்டி அறத்தின்வழி அழைத்தாள். இக்கதையே படத்தின் பொருள் என்று 1930-இல் எர்வின் பனோப்ஸ்கி விளக்கினார். அடிப்பவள் அறம், அடிபடுபவள் இன்பம். மிக நன்று.

ஆனால், கதையில் நிகழ்ந்தது சொற்போரே; அடிதடி இல்லை. அன்றியும், ஹெர்க்குலிஸ் அறத்திற்குத் துணைவனாயின் அவன் தடியும் ஓங்கியிருத்தல் வேண்டுமன்றோ? அதுவோ, விழும் அடியைத் தடுப்பதுபோற் குறுக்கே நீண்டுள்ளது. அறிஞர் இன்றும் இதில் ஒருமனப்பட்டிலர். ஒரு சொல் நாம் கொண்ட பொருளோடு முரணுமாயின் பொருளை மாற்றுக, சொல்லை மாற்றற்க என்பது யான் பயின்ற உரைநெறி. இங்குச் சொல்லாவது அத்தடியே. அறமே ஆயினும், வீழ்ந்து கிடப்பவளை அடிக்க ஓங்கும்போது, வீரன் இடைபுகுந்து தடுக்கிறான் என்றே யான் உரை கொள்வேன்.