ஐந்து விரலையும் அகல விரித்து

உலக வர்த்தக ஒப்பந்தங்களைப் பற்றி ஒரு கதாசிரியன் எழுத ஆரம்பித்தால், வாசகர்கள் பயந்துபோய் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். நியாயந்தான். அவற்றில் கதாநாயகி இல்லை, காதல் இல்லை, சரத்துக்களும் உட்சரத்துக்களும்தான் உண்டு. இருந்தாலும் கொஞ்சம் பொறுமை காட்ட வேண்டும். உத்திரமேரூர்ப் பக்கத்தில் அரை ஏக்கர் நிலம் வைத்திருக்கும் ஒரு கிழவிக்கும் அந்தச் சரத்துக்களுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன்னால், உத்திரமேரூருக்குப் போகிற வழியில் ஒரு சிறு கிராமத்தில் இறங்க நேர்ந்தது. அங்கே ஓர் இ-சேவை மையம். நாலு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், அதற்குப் பின்னால் சுறுசுறுப்பான ஒரு பெண். கிழவி தன் பட்டாவின் நகல் வாங்க வந்திருந்தாள். அச்சாகி வந்த காகிதத்தை அந்தப் பெண் உரக்கப் படித்தாள். தகப்பனார் பெயர் வந்ததும் கிழவி கையை நீட்டித் தடுத்தாள்.

"எங்கப்பன் பேரு அது இல்லம்மா. ஓர் எழுத்து தப்பா இருக்குது."

"கம்ப்யூட்டர்ல அப்படித்தான் ஆயா இருக்கு. தாலுகா ஆபீசுல மனு குடுத்து மாத்தணும்."

கிழவி கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தக் காலத்துல கர்ணம் தப்பா எழுதினா, அவுரு ஊட்டுத் திண்ணையில போய்க் குந்திக்கினு கேப்போம். இதுக்கு ஊடு எங்கம்மா இருக்குது?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனையோ நிபுணர்கள் மாநாடு கூட்டிக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியல்லவா அது?

கர்ணத்தின் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. கணக்குப் புஸ்தகம் அவர் வீட்டு அலமாரியில் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்கும் ஆண்டவனுக்குமே வெளிச்சம். பரம்பரையாக வந்த அந்தப் பதவியைத் தமிழ்நாடு சர்க்கார் 1980-இல் ஒழித்தது. இன்று சர்வே நம்பர் தெரிந்தவர்கள் யாரும் பட்டாவைக் கைத்தொலைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். சாமானிய லாபமல்ல இது.

ஆனால் பெட்டியின் வீடு எங்கே? நம் ஊர்ப் பட்டாவைக் காக்கும் 'தமிழ் நிலம்' என்ற மென்பொருளைச் செய்தது நம்முடைய தேசிய தகவலியல் மையம். அந்த மையமே 1976-இல் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டம் தந்த 44 லட்சம் டாலர் உதவியுடன் பிறந்த குழந்தை. கிராமத்துக் கடை வரைக்கும் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் கூடிய உலக வர்த்தக மாநாட்டில் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம் உருவாயிற்று. மறு வருஷம் இந்தியா அதில் சேர்ந்து, கம்ப்யூட்டர் சாமான்களின் இறக்குமதி வரியைப் படிப்படியாகக் குறைத்து, 2005-க்குள் எடுத்துவிட ஒப்புக்கொண்டது. ஆக, கிழவியின் அரை ஏக்கருக்குப் பின்னால் சிங்கப்பூரும் நியூயார்க்கும் டில்லியும் வரிசையாக நிற்கின்றன.

உதவி வாங்கிய நாடு இப்போது உதவி கொடுக்கவும் தொடங்கிவிட்டது. இலங்கையின் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டத்துக்கு 300 கோடி ரூபாய் தருவதாக 2022-இல் இந்தியா உடன்படிக்கை செய்துகொண்டது. அதற்கு அடித்தளமாக எடுத்துக்கொள்ளப்பட்ட மென்பொருள் பெங்களூரில் உருவானது. யாரும் பிரித்துப் பார்க்கும்படி திறந்து வைக்கப்பட்டது. அப்படியும் கொழும்பில் ஒரு கேள்வி எழுந்தது: "எங்கள் விவரங்கள் யார் கையில் இருக்கும்?" அண்டை வீட்டுக்காரன் நல்லவனே ஆனாலும் அவனிடம் பெட்டிச் சாவியைக் கொடுப்பதற்கு முன் யோசிக்கத்தானே வேண்டும்? நாம் மேல்நாட்டாரைப் பார்த்துக் கேட்பதை அவர்கள் நம்மைப் பார்த்துக் கேட்டார்கள். அதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

சாவி விஷயம் இப்போது ஒப்பந்தங்களுக்குள்ளேயே நுழைந்துவிட்டது. மென்பொருளின் உயிர்நாடி அதன் மூல நிரல். சமையல்காரரின் கைப்பக்குவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பசிபிக் கரையோர நாடுகள் பதினொன்று 2018-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 'மூல நிரலைக் கொடுத்தால்தான் எங்கள் நாட்டில் விற்கலாம்' என்று கம்பெனிகளை எந்த சர்க்காரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று விதித்தார்கள். சர்க்கார் தன் சொந்த உபயோகத்துக்காக வாங்கும் சரக்குக்கு அதில் விலக்கு உண்டு. இந்தியா அந்தக் கூட்டத்தில் இல்லை. ஆனால் 2025 ஜூலை 24-ஆம் தேதி பிரிட்டனோடு நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலும் மூல நிரலைப் பற்றிய விதி ஒன்று இடம்பெற்றது. நம் மத்திய சர்க்கார் டெண்டர்களில் பிரிட்டிஷ் கம்பெனிகள் கலந்துகொள்ளவும் வழி ஏற்பட்டது. மாநில சர்க்கார்களின் டெண்டர்கள் அதில் சேரவில்லை.

கம்பெனிக்காரர் தன் ரகசியத்தைக் காப்பாற்றிக்கொள்ள நினைப்பதைக் குற்றம் சொல்ல முடியாது. பாடுபட்டுச் செய்த சரக்கு. ஆனால் ஜனங்களின் நிலத்தையும் பெயரையும் வைத்திருக்கிற கணக்கு, கடையில் விற்கும் ஊறுகாய் ஜாடி அல்லவே!

அன்றைக்கு உத்திரமேரூருக்குப் போய் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள், 919-லும் 921-லும் வெட்டியவை, அங்கே இருக்கின்றன. குடவோலை முறையைப் பற்றி நம் பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். முப்பது குடும்புகள்; பெயர் எழுதிய ஓலைகள்; ஒரு குடம்; ஓலையை எடுக்க, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறு பையன். முதல் விதிகளில் குறை கண்டு இரண்டே வருஷத்தில் திருத்தினார்கள். முப்பது முதல் அறுபது வரை என்றிருந்த வயது, முப்பத்தைந்து முதல் எழுபது வரை என்றாயிற்று. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி குடத்துக்குள் வர முடியாது. அவன் உறவினரும் வர முடியாது.

அந்தச் சபையில் நம் கிழவிக்கு இடம் இருந்திராது. நிலமும் வேதமும் உள்ள ஆண்களின் சபை அது. அதை மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேசுவது எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் ஒரு சின்ன விதி என் மனத்தைப் பிடித்துக்கொண்டது. பையன் எடுத்துக் கொடுக்கும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கி, எல்லோர் காதிலும் விழும்படி வாசிக்க வேண்டும். பிறகு அங்கிருக்கும் நம்பிமாரும் அதையே வாசிக்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து வைக்க இடமில்லை.

இயந்திரம் ஜப்பானிலிருந்து வரட்டும். மென்பொருள் லண்டனிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரட்டும். வர்த்தகம் வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்ட நாடு முன்னேறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் வாங்குகிறபோது மூன்று வரிகளை நம் பக்கத்துச் சரத்தாக எழுதிவிட வேண்டும். ஜனங்களின் கணக்கு அவர்கள் பாஷையில் வாசிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். தப்பு என்று ஒருத்தி சொன்னால், அதைக் கேட்டுத் திருத்தப் பெயரும் முகவரியும் உள்ள ஒரு மனிதர் இருக்க வேண்டும். கணக்குக் காட்டாத கம்பெனி அடுத்த டெண்டரின் குடத்துக்குள் வரக் கூடாது.

கடைசி விதி புதிதல்ல. ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகக் கல்லில் இருக்கிறது. காகிதத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.